பிரேக்கர் விழுவதற்கு முன்

ஒரு சர்வரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால், மின்சாரம் உள்ளே நுழையும் பெட்டியில் 1100 வாட் என்று அச்சிட்டிருக்கும். அதே சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால் 320 வாட் காட்டும். யாரும் தொடாத நடுராத்திரியில் 140. நானூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கணினித் தேர்வுக்கு உட்காரும் காலையில் 500-ஐத் தாண்டும். இந்த நான்கு எண்களில் எதை நம்பி மின்சாரத்தை ஒதுக்குவது? மைசூருவில் ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பயிற்சி நிறுவனத்தின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வேலையில் பாதி, இந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான்.

சர்வர் அறை, டேட்டா சென்டர் என்றெல்லாம் கேட்டால் நமக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று என்று தோன்றும். ரயில் டிக்கெட் எடுப்பது, கடையில் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் அனுப்புவது, பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்பது, எல்லாம் எங்கோ ஓர் அறையில் அலமாரி அலமாரியாக அடுக்கிய கணினிகளில்தான் நடக்கிறது. அந்த அலமாரியை ரேக் என்போம். எங்களுடையது சின்ன அறை. சென்னை சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இருக்கும் கட்டடங்களோடு ஒப்பிட்டால் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் கணக்கு ஒன்றே.

வீட்டில் கீசரும் இஸ்திரிப்பெட்டியும் ஓடும்போது யாராவது இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டால் எம்சிபி என்கிற பிரேக்கர் விழும். ஓடிப்போய் ஒன்றை நிறுத்திவிட்டு, மறுபடி தூக்கிவிடுவோம். சர்வர் ரேக்கில் எம்சிபி விழுந்தால் அதை நம்பியிருக்கிற அத்தனை பேரின் வேலையும் அந்த நொடியில் அறுந்துபோகிறது. எழுதிக்கொண்டிருந்த தரவு பாதியில் நிற்கிறது. தூக்கிவிட்டாலும், அத்தனை சர்வரும் ஒரே நேரத்தில் விழித்தெழுந்து முன்னைவிட அதிகம் இழுக்கும். பிரேக்கர் மறுபடி விழும்.

எங்கள் ரேக் ஒவ்வொன்றுக்கும் 32 ஆம்பியர் லைன். 230 வோல்ட்டால் பெருக்கினால் 7.36 கேவிஏ. இரவும் பகலும் விடாமல் ஓடும் சுமைக்கு அதில் 80 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் வரம்பு. ஆக 25.6 ஆம்பியர், ஏறத்தாழ 5.9 கிலோவாட். இப்போது அந்த ஸ்டிக்கர் எண்ணை நம்பினால், 1100 வாட் சர்வர் ஐந்துதான் வைக்கலாம். உண்மையில் அவை ஐந்தும் சேர்ந்து 1.6 கிலோவாட்டுக்கு மேல் பெரும்பாலும் இழுக்காது. முக்கால் ரேக் காலியாகக் கிடக்கும்; அதற்கான கேபிள், யுபிஎஸ், குளிரூட்டி எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. ஸ்டிக்கரை விட்டுவிட்டு, சர்வரை அதன் முழுப் பலத்தில் ஓடவிட்டு அளந்தால் 520 வாட் வந்தது. அந்தக் கணக்கில் பதினொன்று வைக்கலாம். ஒவ்வொரு சர்வரையும் 400 வாட்டுக்கு மேல் இழுக்காதே என்று கட்டிப்போட்டால் பதினான்கு.

ஐந்து, பதினொன்று, பதினான்கு. ரேக்கும் லைனும் மாறவில்லை. எந்த எண்ணை நம்புகிறோம் என்பதுதான் மாறியது.

இது எங்கள் அறையின் பிரச்சினை மட்டுமில்லை. 2007-இல் கூகுள் பொறியாளர்கள் மூவர் தங்கள் ஆயிரக்கணக்கான சர்வர்களை மாதக்கணக்கில் அளந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லாச் சர்வரும் ஒரே நொடியில் உச்சத்தைத் தொடுவதே இல்லை என்பது அவர்கள் கண்டது. நன்றாகத் திட்டமிட்டு வேலை வாங்கப்படும் சர்வர் கூட்டத்தில்கூட, சேர்ந்து தொடக்கூடிய உச்சத்துக்கும் உண்மையில் தொட்ட உச்சத்துக்கும் 7 முதல் 16 சதவீதம் இடைவெளி இருந்தது. ஒரு முழு டேட்டா சென்டரை எடுத்துக்கொண்டால் அந்த இடைவெளி 40 சதவீதத்தை நெருங்கியது. கட்டிவைத்த மின்வசதியில் அவ்வளவு பெரிய பங்கு யாருக்கும் உதவாமல் நின்றது. அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமென்றால், எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்கும் அந்த அபூர்வமான நிமிடத்துக்கு ஒரு காவல் வேண்டும். அந்தக் காவல்தான் மின்வரம்பு.

வரம்பைப் பற்றிப் பேசும் முன் ஒரு பொறியைச் சொல்லிவிட வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் இதில் விழுகிறார்கள். அனுபவசாலிகளும் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு மின் இணைப்பு உண்டு. ஒன்று ஏ பக்கத்து யுபிஎஸ்ஸிலிருந்து, இன்னொன்று பி பக்கத்திலிருந்து. ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டும் உயிரோடு இருக்கும்போது சுமையைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். சென்ற வருடம் வந்த பையன் ஒருவன் ரேக்கின் பின்னால் நின்று இரண்டு மீட்டரையும் பார்த்துவிட்டு உற்சாகமாகச் சொன்னான்: “மேடம், ரெண்டு பக்கமும் பன்னெண்டு ஆம்ஸ்தான் ஓடுது. முப்பத்திரண்டுக்கு இன்னும் எவ்வளவோ இடம் இருக்கே, இன்னும் நாலு சர்வர் போடலாமே?”

எங்கள் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொள்ளேகாலத்துக்காரர். 1956 வரை கொள்ளேகாலம் சென்னை மாகாணத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. அவர் வீட்டில் தமிழும் கன்னடமும் கலந்தே பேசுவார்கள். என்னை ‘அம்மா’ என்பார், நான் அவரை ‘அண்ணா’ என்பேன். அவர் அந்தப் பையனிடம் ஒரே கேள்விதான் கேட்டார். “ஒரு பக்கம் போச்சுன்னா, தம்பி?”

பையன் கணக்குப் போட்டான். பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்து நான்கு. இப்போதே மிச்சம் ஒன்றரை ஆம்பியர்தான். நாலு சர்வர் சேர்த்தால், ஏ பக்கம் போகும் நாளில் பி பக்கமும் போகலாம். இரண்டு இணைப்பு வைத்ததன் பொருளே இல்லாமல் போய்விடும். மீட்டரில் காலியாகத் தெரியும் பாதி, அடுத்த பக்கத்தின் ஆபத்துக் காலத்துக்காக ஒதுக்கிவைத்த பாதி.

இதில் இன்னொரு வஞ்சகம் பிரேக்கரின் நேரக்கணக்கில் இருக்கிறது. எம்சிபி என்பது வரம்பைத் தாண்டிய நொடியிலேயே விழும் கருவி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதற்கான தரநிர்ணயம் சொல்வது வேறு. குறித்த அளவின் 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரம் வரை விழக்கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 2.55 மடங்கு என்றால் ஒரு நிமிடத்துக்குள். உள்ளே ஓர் ஈருலோகத் தகடு சூடாகி வளைந்தால்தான் விழும். அந்தச் சூடு ஏற நேரம் பிடிக்கும். ஷார்ட் சர்க்யூட் போல ஐந்து, பத்து மடங்கு பாயும்போதுதான் காந்தச் சுருள் உடனே இழுத்துவிடும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது கண்முன் நடந்தது. பராமரிப்புக்காக ஏ பக்கத்தை நிறுத்தினார்கள். 32 ஆம்பியர் பிரேக்கரில் நாற்பது ஆம்பியர் ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எல்லோரும் நிம்மதியாகிக் காபி குடிக்கப் போனார்கள். தகடு மெதுவாக வளைந்துகொண்டிருந்தது. அவர்கள் திரும்பி வருவதற்குள் இரண்டு ரேக் இருண்டுவிட்டது. ஏன் உடனே விழவில்லை, ஏன் இப்போது விழுந்தது என்று அன்று மாலை வரை வாதம் நடந்தது.

அந்தத் தாமதத்தை எதிரியாகப் பார்க்காமல் நமக்குக் கிடைத்த அவகாசமாகப் பார்க்கத் தொடங்கியதில்தான் மின்வரம்பு என்ற தொழில்நுட்பமே பிறந்தது. பிரேக்கர் சூடாகச் சில நிமிடம் ஆகும் என்றால், அதற்குள் சர்வர்களின் வேகத்தைக் குறைத்துச் சுமையை இறக்கிவிடலாம். ஃபேஸ்புக் நிறுவனம் ‘டைனமோ’ என்று பெயர் வைத்து இப்படி ஒரு மென்பொருளைத் தன் எல்லா டேட்டா சென்டரிலும் ஓடவிட்டது. சில நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரிடமும் ‘எவ்வளவு இழுக்கிறாய்’ என்று கேட்கும். ஒரு லைன் தன் எல்லையை நெருங்கினால், அதில் தொங்கும் சர்வர்களில் எது முக்கியம் குறைந்ததோ அதை முதலில் மெதுவாக்கும். 2016-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் மட்டும் 18 மின்தடைகளை அது தவிர்த்திருந்தது.

மெதுவாக்குவது என்றால் என்ன? சிப்பில் செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடியையும் கடிகார வேகத்தையும் பொறுத்தது. வேகத்தைக் குறைத்தால் அழுத்தத்தையும் குறைக்கலாம். இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் குறைத்தால், அந்தச் செலவு பத்து சதவீதம் குறைவதில்லை. 27 சதவீதம் குறைகிறது. கடைசியாக எட்டிப் பிடிக்கும் கொஞ்ச வேகத்துக்குத்தான் சிப் அநியாயமாக மின்சாரம் தின்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு வரம்பு என்ற சொல்லின் மேல் இருந்த பயம் போய்விட்டது. இன்டெல் 2011-இல் கொண்டுவந்த சிப்களிலிருந்து, தன் மின்செலவைத் தானே கணக்கிட்டுச் சொன்ன வரம்புக்குள் நிற்கும் வசதி சிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. டெல் சர்வர் என்றால் ஐடிராக், எச்பி என்றால் ஐஎல்ஓ என்று, சர்வருக்குள்ளேயே தனியாக உயிரோடிருக்கும் ஒரு சிறு மேலாண்மைக் கணினி உண்டு. அதில் நுழைந்து ‘400’ என்று எண்ணைப் போட்டால் போதும்.

ஆனால் அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. சும்மா இருக்கும்போதே 140 வாட் இழுக்கும் சர்வரை 150-இல் கட்டினால் வேலை நகராது. தேர்வு நடத்தும் தரவுத்தளத்தை நெருக்கிப் பிடித்தால் அதற்காகக் காத்திருக்கும் மற்ற சர்வர்கள் எல்லாம் விழித்தபடியே நிற்கும். ஒரு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாகி, மொத்த யூனிட் கூடத்தான் செய்யும். மின்வரம்பு உச்சத்தை அடக்கும் கருவி. மாதக் கட்டணத்தைக் குறைக்க வேண்டுமென்றால், யாருக்கும் பயன்படாமல் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களைத் தேடிப் பிடித்து நிறுத்துவதுதான் வழி. 140 வாட் என்பது வருடம் முழுக்க ஓடினால் 1,226 யூனிட். குளிரூட்டுவதற்கும் யுபிஎஸ் விழுங்குவதற்கும் அதன் மேல் இன்னும் பாதியாவது சேரும். எங்கள் அறையில் இப்படி ஒரு சர்வர், என்றோ முடிந்துபோன ஒரு பாடத்திட்டத்துக்காக ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தலாமா என்று கேட்டால் யாரும் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

குளிரூட்டலிலும் ஒரு நுணுக்கம். சர்வர் மூச்சிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்று குளிரூட்டல் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைக்கிறது. பலர் இன்னும் 18-இலேயே வைத்து அறையை உறையவைக்கிறார்கள். மைசூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் இரவில் வெளிக்காற்றே போதுமான அளவு குளிர். நாங்கள் 24-க்கு உயர்த்தினோம், ஏசி சுமை இறங்கியது. 27-ஐத் தொட்டபோது ஏசி இன்னும் கொஞ்சம் இறங்கியது, சர்வர்களின் சுமை ஏறியது. உள்ளே இருக்கும் சிறு விசிறிகள் வேகம் பிடித்துக்கொண்டன. விசிறியின் மின்செலவு அதன் வேகத்தின் மும்மடியில் கூடும்: 80 சதவீத வேகத்தில் சுற்றும் விசிறி, முழு வேகத்தில் ஆகும் செலவில் பாதியில் முடித்துவிடும். இந்தப் பக்கம் மிச்சம் பிடித்தது அந்தப் பக்கம் போய்விட்டது. 25-க்குத் திரும்பினோம்.

யாரை முதலில் மெதுவாக்குவது என்ற பட்டியலை எழுதியதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. அதில் தொழில்நுட்பம் குறைவு. ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் சர்வர்தான் நிறுவனத்தின் உயிர்நாடி என்றார். சம்பளப் பிரிவு, நூலகம், வீடியோ பாடம் தயாரிக்கும் ஸ்டூடியோ, எல்லோரும். கடைசியில் நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன். உங்கள் வேலை இருபது நிமிடம் மெதுவாக நடந்தால் யாருக்கு என்ன ஆகும்? இதற்கு நேர்மையான பதில்கள் வந்தன. வீடியோ கோப்பு மாற்றுவது இருபது நிமிடம் தாமதமானால் ஒன்றும் ஆகாது. இரவுப் பிரதி எடுப்பது மூன்று மணிக்குப் பதிலாக மூன்றரைக்கு முடிந்தால் ஒன்றும் ஆகாது. தேர்வுச் சர்வர் இருபது நிமிடம் தடுமாறினால், பேருந்து பிடித்து நஞ்சன்கூட்டிலிருந்தும் ஹுன்சூரிலிருந்தும் வந்த பிள்ளை அழும். நெட்வொர்க் ஸ்விட்ச்களையும் தீ எச்சரிக்கை, கதவுக் கட்டுப்பாட்டுக் கணினிகளையும் எந்தச் சூழலிலும் தொடுவதில்லை என்று முதல் வரியில் எழுதினோம். பட்டியலில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். வரம்பு வைக்காத அறையிலும் இந்தத் தேர்வு நடக்கத்தான் செய்கிறது. அங்கே அதைச் செய்வது சூடான ஒரு தகடு. அது பிள்ளையின் தேர்வையும் பழைய வீடியோவையும் ஒன்றாகவே அறுக்கும்.

ரேக்கைத் தாண்டிக் கட்டடத்தின் வாசலுக்கு வந்தால் இன்னொரு வரம்பு காத்திருக்கிறது. உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் எந்த நிறுவனமும் இத்தனை கேவிஏ வரைதான் எடுப்பேன் என்று மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். மைசூருவில் அது சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் கழகம், சுருக்கமாக செஸ்க். ஊர்க்காரர்கள் பழைய பழக்கத்தில் இன்னும் கேஇபி என்பார்கள். மீட்டர் கால் மணி நேரச் சராசரியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மாதத்தில் ஒரே ஒரு கால் மணி நேரம் ஒப்பந்த அளவைத் தாண்டினாலும், தாண்டிய கேவிஏவுக்கு இருமடங்குக் கட்டணம் வரும்.

அந்தக் கால் மணி நேரம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். ஏப்ரல், மே மாதத்துக் கோடைமழையில் மைசூருவின் சாலையோரத்து மரக்கிளைகள் கம்பிமேல் விழுந்து கரண்ட் போகும். ஜெனரேட்டரில் ஓடுவோம். கரண்ட் திரும்பி வந்ததும் எல்லா ஏசியும் ஒன்றாகக் கிளம்பும், வற்றிப்போன யுபிஎஸ் பேட்டரிகள் தாகத்தோடு சார்ஜ் ஏற்றும், அணைந்திருந்த ஆய்வகக் கணினிகள் எல்லாம் எழுந்துகொள்ளும். மாதத்தின் உச்சம் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் பதிவாகும். அண்ணாவும் நானும் உட்கார்ந்து வரிசை போட்டோம். முதலில் ஒரு ஏசி, பிறகு சர்வர்கள் இடைவெளி விட்டு, அடுத்து மற்ற ஏசிகள், கடைசியாகப் பேட்டரி சார்ஜ் முழு வேகத்துக்கு. சர்வர்களின் அமைப்பிலேயே, கரண்ட் வந்ததும் சில நொடி மாற்றி மாற்றிக் காத்திருந்து எழச்சொல்லும் வசதி உண்டு. பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

நான் மேட்டூரில் பிறந்தவள். மின்சாரம் என்றாலே காவிரி என்றுதான் எனக்கு முதலில் நினைவு வரும். காவிரியில் எங்கள் அணைக்கு மேலே, மைசூருவிலிருந்து ஒரு பகல் பயணத்தில் போய்வரக்கூடிய சிவனசமுத்திரத்தில் 1902-இல் மின்நிலையம் ஓடத்தொடங்கியது. திவான் கே. சேஷாத்ரி ஐயர் காலத்துத் திட்டம். அதைப் பார்க்காமலே 1901-இல் அவர் காலமானார். அந்த மின்சாரம் முதலில் மைசூருவுக்கு வரவில்லை. கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து, அன்றைக்கு உலகின் நீளமான மின்பாதைகளில் ஒன்றாக, கோலார் தங்கவயலுக்குப் போனது. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். பெங்களூருக்கு 1905-இல்தான் விளக்கு வந்தது, மைசூருவுக்கு 1908-இல். அப்போதும் வரம்புதான் பேச்சு. கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் சுரங்கத்துக்கு வாக்களித்த குதிரைத்திறனைத் தர முடியாது. 1911-இல் அதே ஆற்றில் கண்ணம்பாடியில் அணை கட்டத் தொடங்கியதற்குப் பாசனத்தோடு இதுவும் ஒரு காரணம்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. 2023-இல் மழை பொய்த்தது. அந்த அக்டோபரில் கர்நாடக அரசு மின்சாரச் சட்டத்தின் 11-ஆவது பிரிவைக் கையிலெடுத்து, மாநிலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தைத் தனியார் நிலையங்கள் வெளியே விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் குறைந்த மணி நேரமே கிடைக்கிறது என்று விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். என் அறைக்குள் எல்லாம் வழக்கம்போல் குளிர்ச்சியாக ஓடிக்கொண்டிருந்தது. மண்டியா பக்கத்து வயலில் மோட்டாருக்காக விடிய விடியக் காத்திருப்பவருக்கும், யாரும் பார்க்காத பழைய பாடத்திட்டத்தைச் சுமந்து நிற்கும் என் சர்வருக்கும் ஒரே கம்பியிலிருந்துதான் மின்சாரம். அந்தச் சர்வரை நிறுத்தக் கையெழுத்து கிடைத்தது அந்த மாதத்தில்தான்.

இந்தச் சின்ன அறைக் கணக்கு இப்போது நாடுகளின் கணக்காகிவிட்டது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில், 2024-இல் உலகின் டேட்டா சென்டர்கள் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன; உலகப் பயன்பாட்டில் ஒன்றரை சதவீதம். 2030-க்குள் அது இரண்டு மடங்கைத் தாண்டும் என்று அந்த முகமை மதிப்பிட்டிருக்கிறது. அயர்லாந்தில் 2023-இல் மீட்டரில் ஏறிய மின்சாரத்தில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போனது. நம் பக்கத்தில் தமிழ்நாடு 2021-இல் டேட்டா சென்டர்களுக்கென்றே கொள்கை வெளியிட்டது. 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் ஒரு கிகாவாட் அளவில் மையம் கட்டப்போவதாக கூகுள் அறிவித்தது.

செயற்கை நுண்ணறிவுதான் இந்த வேகத்துக்குக் காரணம். அதற்குப் பயன்படும் பெரிய கிராபிக்ஸ் அட்டை ஒன்றே 700 வாட் இழுக்கும். எட்டு அட்டை வைத்த ஒரு பெட்டி 10 கிலோவாட்டைத் தொடும். எங்கள் ஒரு ரேக்குக்கு மொத்தமே 5.9 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அளவைவிட அவை நடந்துகொள்ளும் விதம்தான் எனக்குக் கவலை. கூகுளின் 2007 கட்டுரை சொன்ன ஆறுதல், எல்லாச் சர்வரும் ஒன்றாக எழாது என்பது. ஒரு மொழி மாதிரியைப் பயிற்றுவிக்கும்போது ஆயிரக்கணக்கான அட்டைகள் ஒரே தாளத்தில் எழுந்து ஒரே தாளத்தில் அடங்குகின்றன. லாமா 3 என்ற தன் மொழி மாதிரியைப் பயிற்றுவித்தபோது பல்லாயிரம் அட்டைகள் சேர்ந்து ஏறி இறங்கியதில் பல பத்து மெகாவாட் அளவுக்கு நொடியில் ஆட்டம் கண்டதாக மெட்டா நிறுவனமே 2024-இல் எழுதியது. எதிர்த்திசை ஆபத்தும் உண்டு. 2024 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் மின்பாதைக் கோளாறு ஒன்றால் மின்னழுத்தம் சில முறை தடுமாறியதும், ஏறத்தாழ 60 டேட்டா சென்டர்கள் தாமாகவே ஜெனரேட்டருக்கு மாறிக்கொண்டன. 1,500 மெகாவாட் சுமை ஒரே அடியாக மறைந்தது. ஏறும் சுமையைப்போலவே திடீரென இறங்கும் சுமையும் மின்தொகுப்பை ஆட்டிவைக்கும்.

நல்ல சேதியும் இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் இந்த அட்டைகளைக் கட்டுப்படுத்துவது எளிது. எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தார் 250 வாட் அட்டைகளை 150-இல் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். 80 மணி நேரம் எடுத்த ஒரு மொழி மாதிரியின் பயிற்சி 82 மணி நேரம் ஆனது. மிச்சமானது, ஒரு சராசரி அமெரிக்கக் குடும்பம் ஒரு வாரம் பயன்படுத்தும் மின்சாரம். பயிற்சி வேலைக்குப் பக்கத்தில் காத்திருக்கும் மனிதர் யாருமில்லை. இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும். டியூக் பல்கலைக்கழகத்தின் 2025 ஆய்வு ஒன்று, புதிதாக வரும் பெரிய சுமைகள் வருடத்தில் கால் சதவீதம் மட்டும் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், அமெரிக்க மின்தொகுப்பு இப்போதுள்ள நிலையங்களோடேயே 76 கிகாவாட் கூடுதலாகத் தாங்கும் என்று கணக்கிட்டது. அதே ஆண்டில் டெக்சாஸ், 75 மெகாவாட்டும் அதற்கு மேலும் எடுக்கும் புதிய இணைப்புகள் நெருக்கடி நேரத்தில் குறைத்துக்கொள்ள வேண்டுமென்று சட்டம் இயற்றியது. கூகுள் தன் செயற்கை நுண்ணறிவு வேலைகளை நெருக்கடி நேரத்தில் ஒத்திவைக்க இரண்டு மின்நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. சிறுசேரியிலும் விசாகப்பட்டினத்திலும் புதிதாக வரும் மையங்களுக்கு இப்படி ஒரு நிபந்தனையை, கட்டடம் எழும்பும் முன்பே, நம் மாநிலங்கள் எழுத்தில் வாங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கட்டிய பிறகு கேட்டால் எங்கள் துறைத் தலைவர்கள் சொன்ன பதில்தான் வரும்: என்னுடையதுதான் உயிர்நாடி.

எங்கள் அறைக்கும் அந்த அலை வந்துவிட்டது. தரவு அறிவியல் பாடம் தொடங்குகிறார்கள். தலா 350 வாட் இழுக்கும் நான்கு அட்டைகள் கொண்ட ஒரு பெட்டி வேண்டுமென்று கடிதம் வந்தது. அட்டைகள் 1,400, மற்றவை 700, மொத்தம் 2.1 கிலோவாட். இருக்கும் எந்த ரேக்கிலும் அவ்வளவு மிச்சமில்லை. புது லைன் இழுக்கலாம். அதற்கு யுபிஎஸ்ஸை மாற்ற வேண்டும், ஒப்பந்த கேவிஏவைக் கூட்ட வேண்டும். அண்ணாவும் அந்தப் பேராசிரியையும் நானும் ஒரு மதியம் உட்கார்ந்து பேசினோம். அட்டை ஒவ்வொன்றும் 250 வாட்டில் கட்டப்படும், பெட்டி 1.7-க்குள் நிற்கும். பழைய பாடத்திட்டச் சர்வரும் அதோடு பயனற்று நின்ற மற்றவையும் எடுத்த இடம் இதற்குப் போதும். பட்டியலில் இதன் பெயர் முதலில் மெதுவாக்கப்பட வேண்டியவற்றில் முதலாவது. தேர்வு நாட்களில் காலை எட்டு முதல் ஒன்று வரை பயிற்சி ஓடாது. இரவு முழுக்க ஓடலாம்.

“பிள்ளைகளுக்கு முடிவு காலையில கிடைச்சாப் போதும்மா, அவங்க ராத்திரி தூங்கத்தானே போறாங்க” என்றார் பேராசிரியை. அண்ணா தன் நோட்டில் பிரேக்கர் எண்ணையும் ஆம்பியரையும் குறித்துக்கொண்டார். பெட்டி வந்ததும் முதல் வேலை, ஏ பக்கத்தை வேண்டுமென்றே நிறுத்தி, பி பக்கத்தை ஒரு மணி நேரம் தனியாக ஓடவிட்டு அளப்பது. 25.6-ஐத் தாண்டினால் 250 என்பது 220 ஆகும் என்று கடிதத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.